எண்ணே கண்ணாகக் கொண்டவர்

ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணத் தொடங்கினால் அத்தொடருக்கு முடிவு என்பதே இல்லை. அத்தொடரில் நிற்கும் எண்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல. 12 என்னும் எண்ணை 2, 3, 4, 6 ஆகியவற்றுள் எதனாலும் மீதியின்றி வகுக்கலாம். 13 என்னும் எண்ணையோ 1 ஆலும் அவ்வெண்ணாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுத்தல் இயலாது. முன்னதைப் பகு எண் என்றும் பின்னதைப் பகா எண் என்றும் கணித நூலோர் வழங்குவர். சிறிய எண்களில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிது. ஆயினும் 91 ஐக் கண்டு பகா எண் என மயங்குவார் பலர்; அது 7 ஐ 13 ஆல் பெருக்கிய தொகையாகும். ஈரிலக்க எண்ணிலேயே இம்மயக்கம் நேருமாயின், பத்து இலக்கம் உடைய ஓர் எண்ணில் எத்துணை மயக்கம் நேரும்!

2,14,74,83,647 என்பது அத்தகையதோர் எண். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று அதனை வாய்விட்டுச் சொல்வதற்கே நெடுமூச்சு வேண்டும். அது பகு எண்ணா, பகா எண்ணா? இவ்வினாவிற்குச் சான்றோடு கூடிய விடையை உலகிற்கு முதன்முதல் அளித்தவர் லியோனார்டு ஆய்லர் என்னும் பேரறிஞர். இருபத்தைந்தாம் வயதில் அவ்வெண்ணைப் பற்றி எழுதத் தொடங்கிய அவர், நாற்பது ஆண்டுகள் கழித்தே அதன் உண்மையை நிலைநாட்டினார். அந்நாளில் அவர்தம் இரு கண்களும் ஒளியிழந்திருந்தன.

அவ்வெண் பிறக்கும் வகையை முதலில் அறிதல் வேண்டும். சதுரங்கத்தைக் கண்டறிந்த அறிஞன் ஒருவன் தன் அரசனிடம் தானியமணிகளைப் பரிசாகக் கேட்ட கதை யாவரும் அறிந்ததே. பலகையின் முதற்கட்டத்தில் ஒரு மணி, இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாம் கட்டத்தில் நான்கு என, ஒவ்வொரு கட்டத்திலும் முன்னதனினும் இருமடங்காக 64 கட்டங்களிலும் வைத்தல் வேண்டும் என்பது அவன் வேண்டுகோள். 64 கட்டங்களுக்கும் வேண்டிய மணிகளின் தொகை 20 இலக்கம் உடைய 18446744073709551615 ஆகும். களஞ்சியத்தைத் திறந்த அரசன் திகைத்து நின்றான் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. கணிதமோ அங்கேதான் தொடங்குகிறது.

முதல் இரண்டு கட்டங்களின் மணிகளைக் கூட்டினால் 3; மூன்று கட்டங்களுக்கு 7; ஐந்து கட்டங்களுக்கு 31; ஏழு கட்டங்களுக்கு 127. இவை யாவும் பகா எண்கள். நான்கு கட்டங்களுக்கு வரும் 15 பகு எண்ணாகும். கட்டங்களின் எண்ணிக்கை பகு எண்ணாயின் கூட்டுத்தொகையும் பகு எண்ணாகவே முடியும். எண்ணிக்கை பகா எண்ணாயின் தொகையும் பகா எண் ஆதல் கூடும். கூடும் என்பதன்றி, ஆகியே தீரும் என்பதில்லை. பதினொரு கட்டங்களின் தொகையாகிய 2,047 என்பது 23 ஐ 89 ஆல் பெருக்க வருவதாகும். 31 கட்டங்களின் தொகையே மேலே கூறிய பத்து இலக்க எண்.

இத்தொகைகளைப் பண்டைக் கிரேக்கர் வேறொரு காரணம்பற்றிப் போற்றினர். 6 ஐ மீதியின்றி வகுக்கும் அதனினும் சிறிய எண்கள் 1, 2, 3 ஆகியன. அவற்றைக் கூட்டினால் மீண்டும் 6 ஏ வரும். 28 ஐ வகுக்கும் 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 28 ஆகும். தன் உறுப்புகளின் தொகைக்குத் தான் குறையாமலும் மிகாமலும் நிற்பதால் இத்தகைய எண்ணை நிறைவெண் என்றனர். சதுரங்கக் கட்டங்களின் கூட்டுத்தொகை பகா எண்ணாயின், அதனைக் கடைசிக் கட்டத்து மணிகளால் பெருக்க நிறைவெண் ஒன்று கிடைக்கும் என்று யூக்ளிடு என்னும் கிரேக்க அறிஞர் மெய்ப்பித்தார். அவ்வாறே 3 ஐ 2 ஆல் பெருக்க 6. 7 ஐ 4 ஆல் பெருக்க 28. 31 ஐ 16 ஆல் பெருக்க 496. 127 ஐ 64 ஆல் பெருக்க 8,128. இந்நான்கிற்குமேல் செல்வது அரிதாயிற்று. இத்தாலி நாட்டுக் கத்தால்டி என்பார் 17 கட்டங்களின் தொகையும் 19 கட்டங்களின் தொகையும் பகா எண்களே என்பதை 1588 ஆம் ஆண்டளவில் வகுத்து வகுத்துப் பார்த்தே கண்டார். 1644 இல் மெர்சேன் என்னும் பிரெஞ்சுத் துறவி, 31, 67, 127, 257 ஆகிய எண்ணிக்கைகளுக்கும் தொகை பகா எண்ணாகும் என எழுதி வைத்தார். சான்று காட்டினார் அல்லர். பெரியோர் சொல்லிவிட்டமையால் அதனை உண்மையெனக் கொள்வதா, சோதித்துப் பார்ப்பதா என்னும் நிலையில் உலகம் இருந்தது.

ஆய்லர் 1707 ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 ஆம் நாள், சுவிட்சர்லாந்து நாட்டில் ரைன் ஆற்றின் கரையில் அமைந்த பாசெல் நகரிற் பிறந்தார். அந்நகரை அடுத்த ரீஹென் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தையார் பால் ஆய்லர் கிறித்தவ சமய குரு. இளமையில் யாக்கோபு பெர்னூலி என்னும் கணிதப் பேராசிரியரிடம் பாடங்கேட்டவர். ஆதலின் மைந்தர்க்குக் கணிதத்தின் தொடக்கப் பாடங்களைத் தாமே கற்பித்தார். எனினும், தம் மகனும் தம்மைப்போலச் சமயப்பணி புரிதல் வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. பதின்மூன்றாம் வயதில் ஆய்லர் பாசெல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார்.

அங்குக் கணிதப் பேராசிரியராக விளங்கியவர் யாக்கோபின் தம்பியாகிய யோகான் பெர்னூலி. ஐரோப்பா முழுதும் புகழ் பரவிய அவர்க்கு இளைஞர் ஒருவர்க்குத் தனியே பாடஞ்சொல்ல நேரமில்லை. கடினமான நூல்கள் சிலவற்றைக் குறிப்பிட்டுத் தாமே கற்குமாறு பணித்தார். விளங்காத இடங்களைச் சனிக்கிழமைப் பிற்பகலில் தம் இல்லத்திற்கு வந்து கேட்கலாம் என இசைந்தார். ஆசிரியர் ஓர் ஐயத்தை நீக்கியவுடன் அதனொடு பத்து ஐயங்கள் தாமே நீங்கின என ஆய்லர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். முட்டி மோதி நின்ற இடத்தில் மட்டும் கைகொடுக்கும் ஆசிரியர் வாய்த்தல் பெரும் பேறே. மாணவரின் ஆற்றலைக் கண்ட பெர்னூலியே தந்தையாரிடம் எடுத்துரைத்து, ஆய்லரைக் கணிதத்துறைக்கு மீட்டுத் தந்தார்.

அக்காலத்தில் ருசிய நாட்டின் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கில் அறிவியற் கழகம் ஒன்று புதிதாக நிறுவப்பெற்றிருந்தது. பெர்னூலியின் மைந்தர் இருவர் அங்குப் பணியாற்றச் சென்றனர். அவர்தம் முயற்சியால் ஆய்லர்க்கும் அங்கு இடம் கிடைத்தது. 1727 ஏப்பிரல் மாதம் பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்ட ஆய்லர், மீண்டும் அவ்வூரிற் குடியிருக்கத் திரும்பவே இல்லை. 1733 இல் கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு கேத்தரினா கிசெல் என்னும் நங்கையை மணந்தார். அவர்கட்குப் பிறந்த மக்கள் பதின்மூவர். அவருள் இளமையைத் தாண்டி வாழ்ந்தோர் ஐவரே.

அக்கழகத்தின் செயலராக இருந்தவர் கோல்ட்பாக் என்பார். அவர் எண்களின் இயல்பை ஆராய்வதில் ஆரா வேட்கையர். 1729 டிசம்பரில் அவர் ஆய்லர்க்கு எழுதிய மடலின் இறுதியில் ஒரு வினாவை எழுப்பினார். 2 ஐத் தன்னோடு பெருக்க 4, 4 ஐத் தன்னோடு பெருக்க 16, அவ்வாறே 256, பின்னர் 65,536. இவ்வரிசையில் ஒவ்வோர் எண்ணோடும் 1 ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என வருவன யாவும் பகா எண்களே. இவ்வாறு எத்துணைத் தொலைவு சென்றாலும் பகா எண்களே வரும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா நம்பியிருந்தார், மெய்ப்பித்திலர். அந்நம்பிக்கை உண்மைதானா என்பதே கோல்ட்பாக்கின் வினா.

முதலில் ஆய்லர்க்கு அதில் ஊக்கம் பிறக்கவில்லை. கோல்ட்பாக் மீண்டும் தூண்டவே, பெர்மாவின் எழுத்துகளைப் படிக்கலானார். படித்தபின் அவரை எண்கள் விடவில்லை. வரிசையில் 65,537 க்கு அடுத்து வருவது 4,29,49,67,297. இதனை 641 என்னும் எண் மீதியின்றி வகுக்கும் என்று 1732 இல் ஆய்லர் கழகத்தின்முன் காட்டினார். 641 ஐ 67,00,417 ஆல் பெருக்கினால் அவ்வெண் சரியாக வருதலைக் காண்க. அறுபத்தேழு ஆண்டுகளுக்குமுன் மறைந்த பேரறிஞர் ஒருவரின் நம்பிக்கை ஒரு பெருக்கற் கணக்கால் வீழ்ந்தது.

641 ஐ அவர் குருட்டாம்போக்கிற் கண்டார் அல்லர். அவ்வெண்ணை வகுக்கத்தக்க எந்தப் பகா எண்ணும் 64 ஆல் வகுக்கப்படும்போது 1 மீதியாக நின்றே தீரும் என்பதனைச் சில ஆண்டுகளுக்குப்பின் எழுதிய கட்டுரையில் மெய்ப்பித்தார். அத்தகைய பகா எண்களை வரிசைப்படுத்தினால் 193, 257, 449, 577, 641 என அமையும். ஆகவே, ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டிவிடும். சதுரங்கப் பலகையில் நிறையும் அந்த இருபது இலக்கத் தானியத் தொகையையும் இதே 641 மீதியின்றி வகுக்கும் என்பது ஈண்டு அறியத்தக்க ஒரு வியப்பு.

அதே 1732 ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆய்லர் சதுரங்கத் தொகைகளையும் எடுத்துக்கொண்டார். 29 கட்டங்களின் தொகை பகா எண் என்று கத்தால்டி கூறியிருந்தார். அதனை 1,103 வகுக்கும் என்று காட்டி ஆய்லர் அக்கூற்றை விலக்கினார். 31 கட்டங்களின் தொகையைப் பகா எண்களின் வரிசையிற் சேர்த்தார். அம்மட்டோடு நில்லாமல் 41, 47 ஆகியவற்றின் தொகைகளையும் அவ்வரிசையில் வைத்தார். பின்னவை இரண்டும் பகு எண்கள். 41 கட்டங்களின் தொகையை 13,367 வகுக்கும். 47 கட்டங்களின் தொகையை 2,351 வகுக்கும். பெர்மா சோதியாமல் நம்பியதை வீழ்த்திய அதே கட்டுரையில், ஆய்லரும் சோதியாமல் சிலவற்றை நம்பிவிட்டார். 31 இன் தொகையைப் பற்றி அவர் கூறியது உண்மையாயினும், அதற்கு அன்று அவரிடம் சான்று இல்லை. உண்மையைச் சொல்வது வேறு. உண்மை என்று அறிந்து சொல்வது வேறு.

1735 இல் ஆய்லர் கடுங்காய்ச்சலால் சாவின் வாயில்வரை சென்று மீண்டார். 1738 அளவில் வலக்கண்ணின் பார்வை கெட்டது. நிலப்படங்களைத் திருத்தும் பணியில் கண்களை வருத்தியதே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார். நோயே காரணம் என்பர் வேறு சிலர். ஒரு கண் போனதனால் மனத்தைக் கலைக்கும் காட்சிகளும் பாதி குறைந்தன என்று அதனை எளிதாக எடுத்துக்கொண்டார் எனக் கூறுவர்.

1741 இல் பிரசிய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் அழைப்பை ஏற்றுப் பெர்லின் நகர்க்குச் சென்றார். ருசிய அரசியலில் அப்போது குழப்பம் மிகுந்திருந்தது. பெர்லினில் அரசரின் தாயார், வாய் திறவாத அவரது இயல்பைக் கண்டு காரணம் வினவியபோது, பேசினால் தூக்கிலிடும் நாட்டிலிருந்து வந்திருப்பதாக அவர் விடையிறுத்தார் என்பர். பெர்லினில் இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். நூற்றுக்கணக்கான கட்டுரைகளும் பெருநூல்களும் எழுதினார். ஆயினும், சொல்நயம் மிக்க உரையாடலை விரும்பிய மன்னர்க்கு எளிய தோற்றமும் சமயப்பற்றும் உடைய இக்கணிதர்மீது மதிப்பு ஏற்படவில்லை. அவரது ஒற்றைக் கண்ணைச் சுட்டி எள்ளி நகைக்கவும் மன்னர் கூசவில்லை. முடியணிந்தவர்க்கு அது பெருமை தருவதன்று.

பெர்லினில் இருந்தபோதும் அந்தப் பத்து இலக்க எண் அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. 1752 இல் கோல்ட்பாக்கிற்கு எழுதிய மடலில், ஐயத்திற்கு இடமின்றித் தாம் அறிந்த நிறைவெண்கள் ஏழே எனக் குறிப்பிட்டார். 41 உம் 47 உம் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 31 கட்டங்களின் தொகை பகா எண்ணா என்பதைத் தாம் உறுதியாக அறியவில்லை என்றும், 2,000 வரையுள்ள எண்களில் அதனை வகுப்பது எதுவும் இல்லை என்றும் தெரிவித்தார். இருபது ஆண்டுகளுக்குமுன் உறுதியாக எழுதியதை, புகழின் உச்சியில் இருந்த காலத்தில் ஐயம் என்று மாற்றி எழுதினார். அதற்குரிய மனத்திண்மை எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

1766 இல் பேரரசி இரண்டாம் கேதரின் அழைக்க, ஆய்லர் குடும்பத்துடன் பீட்டர்ஸ்பர்க்குக்குத் திரும்பினார். அவ்வாண்டிலேயே இடக்கண்ணிலும் புரை படர்ந்தது. கரும்பலகையில் பெரிய பெரிய எழுத்துகளாக எழுதினால் மட்டும் ஓரளவு காண இயன்றது. அந்நிலையில் இயற்கணிதம் பற்றிய நூல் ஒன்றை, முன்பு தையல் தொழில் பயின்ற பணியாளர் ஒருவர் எழுதத் தாம் சொல்லிவந்தார். நூல் முடிவதற்குள் அவ்விளைஞர்க்கே இயற்கணிதம் கைவந்துவிட்டதாம். ஒரு பாடநூலுக்கு இதனினும் சிறந்த சோதனை இல்லை.

1771 ஆம் ஆண்டு அவர்க்குத் துன்பங்கள் அடுக்கி வந்த ஆண்டு. மே மாதத்தில் நகரின் ஒரு பகுதியைத் தீ சூழ்ந்தது. ஆய்லரின் வீடும் பற்றி எரிந்தது. பார்வையற்ற அம்முதியவர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார். பாசெல் நகரத்தவராகிய பீட்டர் கிரிம் என்னும் தொழிலாளர் தீயினூடே புகுந்து, அவரைத் தம் தோள்மீது சுமந்து வெளியே கொணர்ந்தார். வீடும் நூல்களும் அழிந்தன. கையெழுத்துப் படிகளுள் பெரும்பாலன காப்பாற்றப்பெற்றன. அவ்வாண்டே இடக்கண்ணில் அறுவை மருத்துவம் செய்தனர். பார்வை திரும்பியது. அம்மகிழ்ச்சி சில நாட்களே நிலைத்தது. புண் சீழ்பிடித்துப் பெரும் வேதனைக்குப்பின் அவ்வொளியும் அவிந்தது.

இத்துணை இடர்களுக்கும் பிறகே, 1772 இல், அந்தப் பத்து இலக்க எண்ணின் வழக்கு முடிவுற்றது.

ஓர் எண் பகு எண்ணாயின் அதனை வகுக்கும் பகா எண்களுள் ஒன்றேனும் அவ்வெண்ணின் வர்க்கமூலத்திற்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். 2,14,74,83,647 இன் வர்க்கமூலம் 46,340 க்குச் சற்று மிகும். அதற்குட்பட்ட பகா எண்களோ 4,700 க்கும் மேற்பட்டவை. அத்தனையாலும் வகுத்துப் பார்க்க முனைவது கத்தால்டியின் வழி. ஆய்லர் அவ்வழியிற் செல்லவில்லை. 31 கட்டங்களின் தொகையை வகுக்கும் பகா எண் ஏதேனும் இருக்குமாயின், அது 62 ஆல் வகுக்கப்படும்போது 1 மீதியாக நிற்றல் வேண்டும். அன்றியும், 8 ஆல் வகுக்கப்படும்போது 1 அல்லது 7 மீதியாக நிற்றல் வேண்டும். 2,047 ஐ வகுக்கும் 23, 89 ஆகியவற்றிலும் இவ்வியல்பைக் காணலாம்: அது 11 கட்டங்களின் தொகையாதலின், 11 இன் இருமடங்காகிய 22 ஆல் வகுக்க இரண்டிலும் 1 மீதியாகும், 8 ஆல் வகுக்க முன்னதில் 7 உம் பின்னதில் 1 உம் மீதியாகும்.

இவ்விரு நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்த்தால், 248 ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதியாகும் எண்களே எஞ்சும். 46,340 க்குள் அத்தகைய எண்கள் ஏறத்தாழ 370. அவற்றுள்ளும் 249 போன்றவை 3 ஆலும், 497 போன்றவை 7 ஆலும் வகுபடுவன, அவற்றைத் தள்ளிவிடலாம். முதலிற் சோதிக்க நிற்பது 311, மீதி 35. அடுத்து நிற்பது 1,303, மீதி 226. இவ்வாறு சோதிக்க வேண்டிய பகா எண்கள் நூற்றுக்கும் குறைந்தனவே. ஆயிரக்கணக்கான வகுத்தல்களைச் சில பத்துகளாகச் சுருக்கியது கையின் விரைவன்று. கணக்கைத் தொடங்குமுன் நிகழ்ந்த சிந்தனை. பார்வையிழந்த ஒருவர், தம் மைந்தரும் மாணவரும் எழுத, இத்தகைய கணக்குகளை நடத்தினார் எனின் அதற்கு இச்சிந்தனையே ஊன்றுகோல்.

எந்த எண்ணும் அதனை மீதியின்றி வகுக்கவில்லை. 2,14,74,83,647 பகா எண்ணே என ஆய்லர் பெர்லினிலிருந்த யோகான் பெர்னூலிக்கு எழுதிய மடலில் அறிவித்தார். இவர், ஆய்லர்க்குச் சனிக்கிழமைதோறும் ஐயம் நீக்கிய ஆசிரியரின் பெயரன். பாட்டனாரின் பெயரையே தாங்கியவர். அதனால் எட்டாம் நிறைவெண்ணும் உறுதியாயிற்று. 19 இலக்கம் உடைய அது 2305843008139952128 ஆகும்.

எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, மெய்ப்பிக்கப்பெற்ற பகா எண்களுள் ஆய்லரின் எண்ணே மிகப்பெரியதாக நின்றது. இதனினும் பெரிய நிறைவெண்ணை எவரும் இனிக் காணப்போவதில்லை என்று 1811 இல் ஆங்கில நூலாசிரியர் பார்லோ எழுதினார். அவர் கணிப்புப் பொய்த்தது. 1876 இல் லூக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர், 39 இலக்கம் உடைய 127 கட்டங்களின் தொகை பகா எண் என்று நாட்டினார். மெர்சேன் கூறியவற்றுள் 67 உம் 257 உம் தவறு என்பதும், 61, 89, 107 ஆகியவற்றை அவர் விட்டுவிட்டார் என்பதும் பின்னர்த் தெரியவந்தன. 2024 இல் கணிப்பொறிகளின் துணையால் 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களை உடைய பகா எண் ஒன்று இதே சதுரங்க வகையிற் கண்டறியப்பட்டது. ஆய்லரின் எண் கணிப்பொறிகளுக்கும் அயலானதன்று. 32 இடங்களில் எண்களைக் குறிக்கும் பொறிகள், குறை எண்ணையும் குறிப்பதற்கு ஓரிடத்தை ஒதுக்கிவிட்டு எஞ்சிய 31 இடங்களில் எழுதத்தக்க மிகப்பெரிய எண் அதுவே.

அவ்வெண்ணை நிலைநாட்டியபின்னரும் ஆய்லர் ஓயவில்லை. அதே 1772 இல் திங்களின் இயக்கம் பற்றிய பெருநூல் வெளிவந்தது. மறு ஆண்டு வாழ்க்கைத் துணைவியார் இறந்தார். பார்வை போனபின் அவர் எழுதுவித்தவை குறையவில்லை, மாறாகப் பெருகின. ஒருமுறை மாணவர் இருவர் நீண்டதொரு தொடரின் பதினேழு உறுப்புகளைக் கூட்டியபோது, ஐம்பதாம் இலக்கத்தில் இருவர்க்கும் வேறுபாடு நேர்ந்தது. ஆய்லர் அக்கூட்டல் முழுவதையும் மனத்திலேயே செய்து, பிழை யாருடையது என்று தெளிவித்தார்.

1783 செப்டம்பர் 18 ஆம் நாள் காலையில் பேரக்குழந்தை ஒன்றிற்குப் பாடஞ்சொன்னார். அவ்வாண்டிலேதான் பிரான்சு நாட்டில் வெப்பக்காற்றுக் கூண்டு வானில் எழுந்திருந்தது. அக்கூண்டு மேலெழும் விரைவைக் கணக்கிட்டார். புதிதாகக் கண்டறியப்பட்ட யுரேனசு என்னும் கோளின் பாதையைப் பற்றி மாணவர் லெக்செலுடன் உரையாடினார். மாலையில் மூளையில் குருதி கசிந்து நினைவிழந்தார். அன்றிரவே உயிர் பிரிந்தது. அப்போது அவர்க்கு அகவை 76.

அவர் எழுதியவை எண்ணூற்றுக்கும் மேற்பட்டன. அவர் மறைந்தபின்னும் பல பத்தாண்டுகள் பீட்டர்ஸ்பர்க் கழகத்தார் அவர்தம் கட்டுரைகளை அச்சிட்டுக்கொண்டே இருந்தனர். அவ்வாறு அச்சேறியவற்றுள் ஒன்று நிறைவெண்களைப் பற்றியது. இரட்டைப்படையான நிறைவெண் எதுவாயினும் அது யூக்ளிடு காட்டிய சதுரங்க வகையினதாகவே இருத்தல் வேண்டும் என்பதை அதில் ஆய்லர் மெய்ப்பித்திருந்தார். அக்கட்டுரை வெளிவந்தது 1849 ஆம் ஆண்டில்; அவர் மறைந்து அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னர். ஒற்றைப்படையான நிறைவெண் ஒன்றேனும் உண்டா என்னும் வினாவிற்கு இன்றுவரை எவரும் விடை கண்டிலர்.